செஸ்னா 172 கையேட்டின் எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை? – கேள்வி பதில்

இரத்மலானையில் சிறு விமானம் ஓட்டப் பழகுவோர் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில், எண்கள் 2,300 இறாத்தல் எடையுள்ள செஸ்னா 172N (172 வகைச் சிறு விமானத்தின் ஒரு மாதிரி) விமானத்துக்கு உரியவை.

தெஹிவளை மாணவி: சேர், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்கிய நிலையில் ஸ்டோல் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், 44 நொட் (மணிக்கு 44 கடல் மைல்) என்று கையேட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. ஃபிளாப் இறக்கிப் பறக்கக்கூடிய வேகங்களைக் காட்டும், வேகமானியின் வெள்ளை வளைவோ 41இல் தொடங்குகிறது. எது பிழை?

இரண்டும் சரியே. மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கையில் வேகமானிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுசெல்லும் பிட்டோ குழாய்க்குள் காற்று நேராகப் புகுவதில்லை. அதனால் கருவி உண்மையிலும் குறைவாகக் காட்டுகிறது. 44 என்பது அப்பிழையை நீக்கிய வேகம், 41 என்பது நீங்கள் கண்ணால் காணும் வேகம். இறங்கும் வேகத்தைக் கணிக்க ஸ்டோல் வேகத்தை 1.3ஆல் பெருக்கும்போதுதான் இந்த வேறுபாடு ஆபத்தாகிறது: 41ஐப் பெருக்கினால் 53 வரும், 44ஐப் பெருக்கினால் 57 வரும். ஆகவே திருத்திய வேகத்தைப் பெருக்கி, அதன் பின்னரே 5ஆம் பகுதியிலுள்ள அட்டவணையைக் கொண்டு கருவி வேகத்துக்கு மாற்றுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்: என் நண்பரிடமுள்ள பழைய 172 கையேட்டில் எல்லா வேகங்களும் அதிகமாக இருக்கின்றனவே?

அது மணிக்கு மைல் கணக்கில் எழுதப்பட்டது. 1976 மாதிரிகளிலிருந்தே செஸ்னா நொட்டுக்கு மாறியது. 60 மைல் என்பது 52 நொட் மட்டுமே. இணையத்திலிருந்து எடுத்த நகல்களை மாணவர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வதை நான் கண்டித்தே வருகிறேன். உங்கள் விமானத்தின் தொடர் இலக்கத்துக்குரிய கையேடு ஒன்றே செல்லும்.

கொட்டாஞ்சேனை பயிலுநர்: மேலெழும்போது 50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,440 அடி தூரம் போதும் என்கிறது முதற்பக்கம். அட்டவணையில் அதைவிடக் கூடுதலாக வருகிறது.

முதற்பக்க எண் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்துக்கானது. கொழும்பில் 31 பாகை என்றால், கடலோரத்தில் நின்றாலும் இயந்திரமும் இறக்கையும் ஏறக்குறைய 1,900 அடி உயரத்துக் காற்றையே பெறுகின்றன. ஈரப்பதன் அதை இன்னும் சற்று மோசமாக்குகிறது. அட்டவணையின் கீழுள்ள குறிப்புகளையும் தவறவிடாதீர்கள். உலர்ந்த புல்தரைக்கான 15 வீதம் முழுத் தூரத்துக்கன்றி, தரையோட்டமான (சக்கரங்கள் தரையை விட்டெழும் வரையான தூரம்) 805 அடிக்கே கணக்கிடப்பட்டு, அந்த 121 அடி தரையோட்டம், முழுத் தூரம் ஆகிய இரண்டிலும் சேர்க்கப்படுகிறது. பின்காற்றோ ஒவ்வொரு 2 நொட்டுக்கும் 10 வீதத்தைக் கூட்டுகிறது. இவையெல்லாம் புதிய விமானத்தில், தேர்ந்த விமானி பெற்ற அளவுகள். ஆதலால் பிரித்தானிய விமான ஆணையம் அறிவுறுத்துவது போல, வந்த விடையை 1.33ஆல் பெருக்கும்படியே நான் கற்பிக்கிறேன்.

அதே பயிலுநர்: எரிபொருள் 43 கலனா, 40 கலனா?

தாங்கிகளின் கொள்ளளவு 43 அமெரிக்கக் கலன். பறப்பில் பயன்படுத்தக்கூடியது 40. கணக்குக்கு 40ஐயே எடுங்கள்.

மொரட்டுவை வாசகர்: உண்மையாகவே இரு பக்கங்கள் முரண்பட்டால்?

முதலில் பின்னிணைப்புகளைப் பாருங்கள். இயந்திரமோ புரொப்பெல்லரோ மாற்றப்பட்டிருந்தால் அங்குள்ள எண்ணே மூல எண்ணை மேவும். அதன் பின்னும் முரண் தீராவிட்டால் நீண்ட ஓடுபாதையைக் கேட்கும் எண்ணைக் கொண்டு பறப்பைத் திட்டமிட்டு, பக்க இலக்கத்தையும் விமானத்தின் தொடர் இலக்கத்தையும் குறித்து உங்கள் பயிற்றுநர் வழியாக உற்பத்தியாளருக்கு எழுதுங்கள்.