கேமரா கேள்வி–பதில்: முதலில் லென்ஸில் கண் வையுங்கள்

இந்த இதழில் பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வட்டார வாசகர்களின் கேள்விகள்.

மகள் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பரதம் ஆடுகிறாள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி உண்டு. கைப்பேசியில் எடுத்தால் எல்லாம் கலங்கிப் போகிறது. கையில் 3,500 வெள்ளி இருக்கிறது. இரண்டு லென்ஸ் சேர்ந்த செட்டாக வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு தந்தை, பெஸ்தாரி ஜெயா

வேண்டாம். அந்த செட்டில் வரும் இரண்டுமே வெளிச்சம் குறைவாக வாங்கும் ஜூம் லென்ஸ்கள். முழுக்க நீட்டினால் எஃப் 5.6, எஃப் 6.3 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்). பகலில் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அது போதும். நீங்கள் சொல்வதோ மண்டபமும் இரவும். ஆடும் கை கலங்காமல் நிற்க 1/250 வினாடி வேகம் வேண்டும். அந்த வேகத்தில் எஃப் 5.6 லென்ஸ் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்; ஏற ஏறப் படம் பொரிபொரியாகும்) 12,800 கேட்கும் இடத்தில், எஃப் 1.8 லென்ஸுக்கு 1,250 வாக்கில் போதும். பத்து மடங்கு வித்தியாசம். எவ்வளவு விலையுயர்ந்த கேமரா வாங்கினாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசரும் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆடுபவரை நிறுத்தி வைக்காது.

ஆகவே ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா ஒன்று, அதனுடன் வரும் சின்ன ஜூம், கூடவே 50 மி.மீ. எஃப் 1.8. இது போதும். புதிதாக எல்லாம் அடங்காவிட்டால் கேமராவைப் பழையதாக எடுங்கள், லென்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். கேனான் ஆர்50, நிக்கான் இஸட்50, சோனி ஏ6400 மூன்றுமே ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். பழைய லென்ஸ் தேடி வாங்குவதானால் சோனி பக்கம் போவது நல்லது. 2010 முதல் அதே மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) என்பதால் சந்தையில் நிறையக் கிடைக்கும். கேனான் எம் வரிசை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அந்த மவுண்ட்டைக் கேனான் கைவிட்டுவிட்டது. அதன் லென்ஸ்கள் ஆர் வரிசையில் மாட்டாது. இன்னொரு பேட்டரி, 64 ஜிபி கார்டு, ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றுக்கு 400 வெள்ளியை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

50 மி.மீ. லென்ஸோடு மேடையிலிருந்து ஐந்து மீட்டரில் உட்கார்ந்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஆடுபவர் தலை முதல் சலங்கை வரை அடங்குவார். பின்வரிசையில் இடம் கிடைத்தால் எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கேமராக்களின் 21 முதல் 24 மெகாபிக்சல் அதைத் தாங்கும். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு வேகத்தை 1/100க்கு இறக்குங்கள். தீர்மானம் (அடவுத் தொடரின் முடிப்பு) முடிந்து மகள் அசையாமல் நிற்கும் கணத்தில் அழுத்துங்கள்.

நிகழ்ச்சி முடிந்து குழுப்படம் எடுக்கும்போது எஃப் 1.8ஐ மறந்துவிடுங்கள். இரண்டு மீட்டரில் தெளிவு பத்துப் பதினொரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் இருக்கும். பின்வரிசைப் பிள்ளைகள் மங்கிப்போவார்கள். பின்னால் தள்ளி நின்று எஃப் 5.6 வையுங்கள்.

தீமிதிக்கு 1/500 வினாடி. குழியின் நீளத்துக்கு எதிர்முனையில் நின்று எடுத்தால் அனல் அலையில் முகம் நெளியும். பக்கவாட்டில் நில்லுங்கள். குழி அருகில் மட்டும் லென்ஸ் மாற்றவே கூடாது. பறக்கும் சாம்பல் சென்சாரில் ஒட்டிக்கொண்டு அடுத்து எடுக்கும் எல்லாப் படத்திலும் புள்ளியாகத் தெரியும்.

கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் படகில் இருந்து எடுக்க எந்த லென்ஸ்?
– வாசகி, கோலசிலாங்கூர்

எந்த லென்ஸும் உதவாது. அந்த ஒளிக்குப் பல வினாடிகள் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். படகோ ஆடிக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் போட்டால் மின்மினியின் ஒளியே படத்தில் தெரியாது, பூச்சிக்கும் தொல்லை. கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாமா தந்த நிக்கான் டி5600இல் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை மாட்டினேன். 'எஃப்இஇ' என்று காட்டுகிறது. அதைக் கடந்தாலும் ஃபோகஸ் நகரவில்லை. லென்ஸ் கெட்டதா?
– கல்லூரி மாணவர், ஈஜோக்

இரண்டும் பழுதல்ல. லென்ஸில் இருக்கும் எஃப் எண் வளையத்தை 22க்குத் திருப்பிப் பூட்டுங்கள், 'எஃப்இஇ' போய்விடும். அதன்பின் எஃப் அளவைக் கேமராவிலேயே மாற்றலாம். ஃபோகஸ் நகராததற்குக் காரணம் வேறு. டி வகை லென்ஸுக்குள் மோட்டார் இல்லை; கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் கிடையாது, டி7000 வரிசையில் உண்டு. கையால் திருப்பி, வியூஃபைண்டரின் ஓரத்தில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும்போது எடுக்கலாம். தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமென்றால் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கும் 50 மி.மீ. எஃப் 1.8ஜி தேடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சையை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கியபின் எப்படிக் காப்பது?
– வாசகர், பெஸ்தாரி ஜெயா

லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, முழுக்கத் திறந்த நிலையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. வேர்போல் கிளைத்த மெல்லிய நூல் தெரிந்தால் அதுதான் பூஞ்சை. முன்கண்ணாடியின் மேல் இருந்தால் துடைத்துப் பார்க்கலாம். உள்ளே இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிரித்துத் துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சை அது அரித்திருந்தால் தழும்பு போகாது.

நம் ஊரில் துணி அலமாரியும் கேமராவோடு வரும் பையும் பூஞ்சைக்கு நல்ல இடங்கள். ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பத மானி ஒன்று வாங்குங்கள். மானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினாலோ, ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானாலோ, ஜெல்லை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து ஆறியபின் திரும்பப் போடுங்கள். 30க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். அரிசியில் புதைத்து வைப்பது வேண்டாம், அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போய்விடும்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பையின் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். மழையில் நனைந்த நாளில் பெட்டிக்குள் போடுமுன் துடைத்து, மின்விசிறிக்கு அருகில் ஒரு மணி நேரம் வையுங்கள்.