வீட்டுக்குள் பூக்க வேண்டுமா? முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குள் வைக்க, அதிகம் கவனிப்புத் தேவைப்படாத பூச்செடிகளைச் சொல்லுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. கூடத்தில் வெளிச்சம் குறைவு. ஏற்கெனவே வாங்கிய பீஸ் லில்லி, வரும்போது பூவோடு வந்தது. அதன்பின் மாதக்கணக்கில் இலை மட்டுமே விடுகிறது. உரம் போட்டும் பயனில்லை.

பதில்: உங்கள் பீஸ் லில்லிக்கு நோய் எதுவும் இல்லை. பெரிய நர்சரிகளில் விற்பனைக்கு முன் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து இந்தச் செடியைப் பூக்க வைப்பதுண்டு. அதன் வேகம் அடங்கியபின் செடி உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்ளும். கூடத்தின் மூலையில் அது சாகாது, ஆனால் பூக்கவும் செய்யாது. நிழலில் வளரும் என்று சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை. பூப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை, அவ்வளவுதான். உரத்தை நிறுத்திவிட்டு, கிழக்கு ஜன்னலிலிருந்து 2, 3 அடிக்குள் தொட்டியை நகர்த்துங்கள். காலை இளவெயில் சிறிது நேரம் பட்டால் தவறில்லை.

வெளிச்சம் போதுமா என்று அறிய ஒரு எளிய வழி: நண்பகலில், செடி வைக்கப்போகும் இடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, ஓர் அடி உயரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் பெரும்பாலான வீட்டுப் பூச்செடிகளை முயலலாம். மங்கலான நிழல் என்றால் பீஸ் லில்லி, ஆந்தூரியம் இரண்டும் பூக்கலாம், குறைவாக. நிழலே விழாத இடத்தில் இலைச்செடிதான்.

ஜன்னலில் 3, 4 மணி நேரமாவது நேரடி வெயில் விழுந்தால், முதலில் யூபோர்பியா வாங்குங்கள். முள்ளும் தடித்த தண்டுமாக இருக்கும், சின்னச் சின்ன சிவப்பு, இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக வரும். மண் முழுக்கக் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போய் 10 நாள் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும். வெயில் குறைந்தால் இலையை உதிர்த்துக் காட்டிவிடும். ஒடித்தால் வரும் பால் தோலை அரிக்கும், கண்ணில் படக்கூடாது.

அவ்வளவு வெயில் இல்லையென்றால் ஆந்தூரியம். இதில் ஒவ்வொரு பூவும் ஓர் இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலிருந்து, வருகிறது, எனவே புது இலை நின்றுபோனால் பூவும் நின்றுவிடும். இலை நிற்பதற்குப் பெரும்பாலும் வேரில் காற்றில்லாததே காரணம். தோட்டத்து மண்ணில் நடாதீர்கள். தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, உப்புப் போகக் கழுவிய தென்னை நார்த்தூள் 1, கரித்துண்டு 1, மண்புழு உரம் அரைப் பங்கு என்று கலந்தால் ஊற்றிய நீர் உடனே கீழே இறங்கும். ஒரு பூ 6 வாரம் வரை நிற்கும்.

தடித்த இலையும் கொத்துக் கொத்தான பூவுமாகக் கடையில் இருக்கும் கலஞ்சோவைப் பார்த்து மயங்க வேண்டாம். வளர்ப்பது எளிது, மறுபடி பூக்க வைப்பதுதான் சிரமம். ஏறத்தாழ 6 வாரம், இரவுதோறும் 14 மணி நேரம் தொடர்ந்து இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். இரவில் விளக்கு எரியும் அறையில் இலையாகவே நிற்கும். மாலை 6 முதல் காலை 8 வரை தினமும் அட்டைப்பெட்டியால் மூடி வைக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா?

வீட்டுச் செடிகள் பெரும்பாலும் சாவது தண்ணீர் அதிகமாகித்தான். பீஸ் லில்லி இலை தொங்கினால் முதலில் 2 அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால், அடியில் வடியும்வரை ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். அப்போது ஊற்றும் ஒவ்வொரு குவளையும் கேடு. செடியை உருவிப் பாருங்கள்: நல்ல வேர் வெளுத்து விறைப்பாக இருக்கும்; அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுகிக் கையோடு வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அவற்றை வெட்டி எறிந்து, மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில், புதுக் கலவையில் நடுங்கள். தட்டில் நீர் தேங்க விடாதீர்கள்.

உரம், செடி தளிர்விடும் காலத்தில் மட்டும்: லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள, நீரில் கரையும் உரம்), மாதம் ஒருமுறை, ஈர மண்ணில். யூரியா வேண்டாம், தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும். மண்மேல் வெள்ளைப் படலமும் இலைநுனியில் கருகலும் தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப்போல் 3 மடங்கு நல்ல நீர் ஊற்றி வடிய விடுங்கள்.

கணுக்களில் பஞ்சுபோல் மாவுப்பூச்சி தெரிந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பரவிவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் தெளியுங்கள். வாரம் ஒன்றாக 3 முறை.

குழந்தையோ பூனை, நாயோ வீட்டில் இருந்தால் எல்லாவற்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பீஸ் லில்லி, ஆந்தூரியம் இலையைக் கடித்தால் வாய் எரியும், வீங்கும். கலஞ்சோவைத் தின்றால் பூனை, நாயின் இதயத்தைப் பாதிக்கும்.

இருட்டுக் கூடத்துக்கும் பூ வேண்டுமென்றால் இன்னொரு பீஸ் லில்லி வாங்கி, இரண்டையும் ஜன்னலோரம் வளருங்கள். வெள்ளை மடல் நன்றாக விரிந்த தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுபோய், மடல் பச்சையாக மாறத் தொடங்கியதும் திரும்ப ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள்.