எடை பார்க்கும்போது 64 கிலோ, மறுநாள் மேடையில் 72 கிலோ: அந்த எட்டுக் கிலோ குத்துச்சண்டை வீரருக்கு உண்மையில் உதவுகிறதா?

உதவும். ஆனால் எடை பார்த்ததற்கும் முதல் மணி அடிப்பதற்கும் இடையே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே உதவும். குன்னூரில் வளர்ந்து, அமெச்சூர் குத்துச்சண்டையில் 60 கிலோ பிரிவில் ஆடி, இப்போது மாலை வேளைகளில் சில பையன்களுக்குப் பயிற்சி சொல்லித்தருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எடைப் பிரிவின் வரம்புக்குள் வர, எடை பார்க்கும் முன் உடல் எடையை இறக்குவதை வீரர்கள் 'வெயிட் கட்' என்பார்கள்; அது கொழுப்பைக் கரைப்பதன்று. கடைசி நாட்களில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன், கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதால், சோற்றையும் இட்லியையும் நிறுத்திவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தாலே ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிடும். மிச்சத்தை உப்பைக் குறைத்தும் வியர்த்தும் கழிப்பார்கள்.

தொழில்முறைப் போட்டிகளில் பெரும்பாலும் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால், இழந்ததைத் திரும்ப ஏற்ற ஒரு முழு நாள் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் அர்துரோ காட்டி, ஜோயி கமாஷ் என்ற இரு வீரர்கள் மோதியபோது வரம்பு 141 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 64 கிலோ. மேடையேறும் முன் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்த அளவில், அர்துரோ காட்டி 160 பவுண்டும் (72 கிலோவுக்குச் சற்று மேல்) கமாஷ் 145 பவுண்டும் இருந்தனர். இரண்டாம் ரவுண்டில் விழுந்த கமாஷ் மூளையில் காயமடைந்தார், பிறகு சண்டையிடவேயில்லை. உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளுள் ஒன்றான ஐ.பி.எஃப். தன் பட்டப் போட்டிகளில், சண்டை நாள் காலையில் வரம்புக்கு மேல் 10 பவுண்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று மறுபடி எடை பார்த்துவந்தது இத்தகைய வேறுபாட்டைக் கட்டுப்படுத்தத்தான். கட்டிப்பிடித்துச் சாய்வதிலும், குத்துக்குப் பின்னால் உடலைச் செலுத்துவதிலும் கூடுதல் எடை பலன் தரும் என்பதை மறுக்க முடியாது.

அமெச்சூரில் கதை வேறு. எடை பார்த்த அன்றைக்கே, சில மணி நேரத்தில் ஆட வேண்டும். 1994-இல் 62.5 கிலோ இருந்த நான் கோவையில் ஒரு போட்டிக்காக இரண்டே நாளில் 60-க்கு இறங்கினேன். எங்கள் ஊர்க் குளிரில் ஓடினால் வியர்வை லேசில் வராது. ஆகவே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த பெரியப்பாவிடம் கெஞ்சி, ட்ரையருக்குப் பக்கத்தில் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டினேன். (பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.) எடை பார்த்தவுடன் சொம்பு சொம்பாக வெறுந்தண்ணீர் குடித்தேன். தராசில் ஏறி நின்றிருந்தால் பழைய எடை காட்டியிருக்கும். மூன்றாம் ரவுண்டில் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க்குத்து) போடக்கூடக் கை எழவில்லை.

காரணம் பின்னால்தான் புரிந்தது. வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமன்று, சோடியமும்தான். உப்பில்லாத தண்ணீரை மளமளவென்று குடித்தால் இரத்தம் நீர்த்துப்போய், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். குடித்தது குடலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து செல்களுக்கும் போய்ச் சேர நேரம் வேண்டும். காலியான கிளைக்கோஜன் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இழந்த நீர் திரும்பிச் சேரும்வரை இரத்தத்தின் அளவு குறைந்தே இருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் குறைவாகவே இறைக்கிறது; அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது, மூச்சு வாங்குகிறது. தராசு முதலில் திரும்பிவிடும், தெம்பு பின்னால்தான் வரும்.

அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. 1997-இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வார இடைவெளியில் இப்படி எடை இறக்கும்போது இறந்தனர். அதற்குப் பிறகுதான் அங்கே வியர்க்கவைக்கும் ரப்பர் ஆடைகளுக்கும் நீராவி அறைகளுக்கும் தடை வந்தது.

என் பையன்களுக்கு நான் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோ. அதற்கு மேல் தண்ணீரைக் கழித்து இறக்க வேண்டியிருந்தால் மேல் பிரிவில் பெயர் கொடுத்துவிடுவேன். எடை பார்த்தபின் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் உப்புப் போட்ட கஞ்சியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். போன முறை 60-இல்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்த ஒருவனை மேல் பிரிவில் இறக்கினேன். தன்னைவிட உயரமான பையனிடம் புள்ளியில் தோற்றான், என்மேல் இரண்டு நாள் கோபமாகவும் இருந்தான். ஆனால் மூன்றாம் ரவுண்டு முடியும்வரை அவன் கால் ஓயவில்லை.