பிரெஞ்சு இமேர்ஷன் வகுப்பில் ஆசிரியர் பயிற்சி: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

“ஆசிரியர் பயிற்சிக்காகப் பிரெஞ்சு படிப்பிக்கப் போன மகளை விஞ்ஞானம், கணக்கு எல்லாம் படிப்பிக்கச் சொல்கிறார்கள். இரவிரவாக இருந்து பாடத்திட்டம் எழுதுகிறாள். ஆங்கில வகுப்புக்கு மாறச் சொல்லவா?” என்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா. இமேர்ஷனில் வேலையே அதுதான். 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள சென் லம்பேரில் பெற்றோர் வற்புறுத்தித் தொடங்கிய நாள் முதல், மற்றப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிப்பித்து மொழியையும் வளர்ப்பதுதான் முறை. ஒன்ராறியோவில் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 3,800 மணிநேரமாவது பிரெஞ்சில் நடக்க வேண்டும்.

ஆனால் இரவிரவாக எழுதத் தேவையில்லை. ஒரே பாடத்துக்குள் ஓவியம், சமூகக்கல்வி என்று எல்லாவற்றையும் திணிப்பது பயிற்சிக்குப் போகிறவர்களின் வழக்கம். இரண்டு பாடத்தை இணைத்தால் போதும். மூன்றாம் வகுப்பு விஞ்ஞானத்தில் தாவர வளர்ச்சி வருகிறது. பிள்ளைகள் போஞ்சிக் கன்றைச் சென்ரிமீற்றரில் அளந்து வரைபு கீறட்டும். அதோடு, ‘என்னுடையது உன்னுடையதைவிட உயரம்’ என்று ஒப்பிடும் பிரெஞ்சு வாக்கியம் ஒன்றைப் பழகட்டும். அதன் தொடக்கத்தைப் பலகையில் எழுதி வைக்காவிட்டால், சோடி சோடியாக இருத்தின உடனேயே பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள், வேறென்ன செய்வார்கள்!

புள்ளி போடுவதுதான் சிக்கலான இடம். யன்னலோரக் கன்று வெளிச்சப் பக்கம் சாய்ந்ததைப் படம் கீறி, அம்புக்குறி போட்டு விளக்கிய பிள்ளைக்கு, எழுதிய வாக்கியத்தில் வினைச்சொல் பிழை என்று விஞ்ஞானப் புள்ளியைக் குறைக்கக் கூடாது. மொழிக்குத் தனியாகப் புள்ளி போடலாம். அன்றைக்கு எதற்குப் புள்ளி என்பதைப் அந்த வகுப்பின் பொறுப்பாசிரியரோடு முதலே பேசி வைத்தால் பாதிக் கரைச்சல் குறையும்.

வீட்டில் பிரெஞ்சு பேசாதவள், உச்சரிப்புச் சரிவராது என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்து வந்த எத்தனையோ பேர் இந்த வகுப்புகளில் படிப்பிக்கிறார்கள். வாசிக்கப் போகும் கதையை முதல்நாள் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும். பிரெஞ்சு வானொலியும் கொஞ்சம் கேட்கட்டும்.

இன்னொன்று: சான்றிதழில் பிரெஞ்சு இரண்டாம் மொழித் தகுதி உள்ள ஆசிரியர்களுக்கு ஒன்ராறியோவில் பல ஆண்டுகளாகத் தட்டுப்பாடு. அதைக் கையில் வைத்திருப்பவர் பிறகு ஆங்கில வகுப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆகவே இந்தப் பயிற்சியை முடிக்கட்டும். அடுத்த பயிற்சிக்கு, பிரெஞ்சு ஒரு பாடமாக மட்டும் இருக்கும் கோர் பிரெஞ்சு வகுப்பைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது தனக்குச் சரி என்பதை அப்புறம் உங்கள் மகளே சொல்வார்.