மரம் வெளியே தெரியும் கட்டடங்களில் தீப் பாதுகாப்பு: கேள்வி பதில்

உத்தரம், தூண், சீலிங் எல்லாம் மரமாகவே கண்ணில் படும்படி விட்டுக் கட்டும்போது தீக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். எண்கள் பெரும்பாலும் யூரோகோட் 5 என்ற ஐரோப்பிய மரக் கட்டுமான விதியின் 2004 தீப் பகுதியில் உள்ளவை. உங்கள் ஊர் விதி வேறாக இருந்தால் அதன்படிதான் போக வேண்டும்.

கேள்வி: சார், மரமோ எரிகிற பொருள். அது தீயில் ஒரு மணி நேரம் நிற்கும் என்று எந்த தைரியத்தில் சொல்கிறீர்கள்?

எரியும், மறுக்கவில்லை. ஆனால் சுள்ளி எரிவது வேறு, அடிமரம் எரிவது வேறு. பருத்த கட்டையில் 300 டிகிரியைத் தொட்ட பகுதி கரியாகிறது. அந்தக் கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது, அதனால் தீ ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உள்ளே நகரும். பைன் போன்ற ஊசியிலை மரத்தின் தட்டையான பரப்பில் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. மூலைகள் உருண்டு தேய்வதையும் சேர்த்தால் ஒட்டுமர உத்தரத்துக்கு (பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியது) 0.7, அறுத்த ஊசியிலை மரத்துக்கு 0.8, கன மீட்டருக்கு 450 கிலோவுக்குக் குறையாத கடினமரத்துக்கு 0.55.

கரிக்கு உள்ளே சூடேறிப் பலமிழந்த மரமும் உண்டு. அதற்காக இன்னும் 7 மி.மீ. கழிக்க வேண்டும். கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது இந்த 7 மி.மீ.தான்.

கேள்வி: 200 × 400 மி.மீ. ஒட்டுமர உத்தரம், மேலே தளம், மூன்று பக்கம் தீ. 60 நிமிடம் தாங்குமா?

போட்டுப் பார்ப்போம். 0.7 × 60 = 42. அதோடு 7 சேர்த்தால் 49 மி.மீ. அகலத்தில் இரு பக்கமும் போய் 102 மிஞ்சும், உயரத்தில் கீழ்ப்பக்கம் மட்டும் போய் 351 மிஞ்சும். வளைவைத் தாங்கும் திறனைக் காட்டும் வெட்டுமுகக் கெழு (அகலம் × உயரத்தின் வர்க்கம் ÷ 6) முதலில் இருந்ததில் 39 சதவீதமாகிவிடுகிறது.

பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் தீயின்போது பலத்தைக் கணக்கிடும் முறையே வேறு. சாதாரண வடிவமைப்பில் 0.8 என்ற சுமைக்காலக் குணகத்தால் பெருக்கி, 1.25 என்ற பாதுகாப்புக் குணகத்தால் வகுத்து, மரத்தின் நியமப் பலத்தில் 64 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம். தீயில் அந்தக் குறைப்புகள் கிடையாது. ஒட்டுமரத்துக்கு 115 சதவீதம் வரை எடுக்கலாம். அப்படிப் பார்த்தால் எஞ்சிய உத்தரத்தின் தாங்குதிறன் முதலில் இருந்ததில் 70 சதவீதம். தீ நேரச் சுமையோ பொதுவாக 60 சதவீதம்தான். ஆகவே தாங்கும். உத்தரம் பக்கவாட்டில் சாயாதபடி மேலே உள்ள தளம் அந்த 60 நிமிடமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதே உத்தரத்துக்கு 90 நிமிடம் கேட்டால் அகலத்தில் 60 மி.மீ.தான் மிஞ்சும், தாங்குதிறன் 37 சதவீதத்துக்கு இறங்கும். தேறாது. உயரத்தைக் கூட்டிப் பிரயோசனம் குறைவு, அகலத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: தூணுக்கும் இதே கணக்குதானே?

கழிக்கும் முறை அதேதான், ஆனால் தூண் விஷயத்தில் தாராளம் வேண்டாம். 100 டிகிரியில் நாரின் போக்கில் மரத்தின் இழுவிசைப் பலம் 65 சதவீதம் மிஞ்சுகிறது, அமுக்குப் பலம் 25 சதவீதம்தான். அறையில் தீ தணிந்த பிறகும் கரிக்குப் பின்னாலுள்ள வெப்பம் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். சோதனை உலைகளில் தீயை நிறுத்திய பிறகு, குளிரும் கட்டத்தில் உடைந்த தூண்கள் உண்டு. 60 நிமிடம் என்று சான்றிதழ் இருந்தால் 61-வது நிமிடத்திலிருந்து கவலை இல்லை என்று பொருளல்ல.

கேள்வி: சி.எல்.டி. பலகையில் பசை பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

சி.எல்.டி. என்பது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை. சில பாலியூரித்தேன் பசைகள், தீ அந்த ஒட்டுக்கோட்டை நெருங்கும்போது இளகிவிடும். கரியான அடுக்கு அப்படியே கழன்று விழ, உள்ளே கரியில்லாத புது மரம் தீயைச் சந்திக்கிறது. அணைந்துகொண்டிருந்த அறை மறுபடி கொழுந்துவிட்டு எரியும்.

கணக்கில் இதன் விலை என்ன? அடுக்கு விழுந்தபின் புதிதாக 25 மி.மீ. கரி சேரும்வரை எரியும் வேகம் இரட்டிப்பு. அடுக்குகள் 20 மி.மீ. தடிமனாக இருந்தால் முதல் அடுக்கு 31-வது நிமிடத்தில் விழும், இரண்டாவது 46-இல். 60 நிமிட முடிவில் 58 மி.மீ. போயிருக்கும். அடுக்கு கழன்று விழாத பசையானால் 39 மி.மீ.தான்.

ஆகவே வெளி அடுக்கு 40 மி.மீ. இருக்கட்டும். பசைக்குப் பெரிய அளவுத் தீச்சோதனைச் சான்று கேளுங்கள். வட அமெரிக்காவின் சி.எல்.டி. தரவிதியான பி.ஆர்.ஜி. 320-இன் 2018 பதிப்பு இதற்காகவே 4 மணி நேர அறைத் தீச்சோதனையைக் கட்டாயமாக்கியது. வெறும் "தீத்தடைப் பசை" என்ற வாசகத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: உத்தரம்-தூண் இணைப்பு கொஞ்சம் விளக்குங்கள் ஐயா. மரம் சரியாக இருந்தும் இணைப்புக்காக வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அனுப்பத்தான் செய்வார்கள். எஃகு வெப்பத்தை மரத்தின் வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். போல்ட்டைச் சுற்றித் துளை உள்ளிருந்தே கரியாகி அகலும். பாதுகாப்பில்லாத போல்ட் இணைப்புக்கு யூரோகோட் தருவது 15 நிமிடம், மரத்துக்குள் அடித்து இறக்கும் தலையில்லாத எஃகுச் செருகு ஊசிக்கு 20. ஊசி இணைப்பை 30 நிமிடத்துக்குக் கொண்டுவர, பக்கப் பலகையின் தடிமனிலும் ஓர தூரங்களிலும் 1.5 × 0.7 × 10, அதாவது 10.5 மி.மீ. கூட்ட வேண்டும்.

60 நிமிடம் என்றால் எஃகை முழுக்க மறைப்பதுதான் வழி. தகட்டை மரத்தின் நடுவே பிளவுக்குள் செருகி, அதன் எல்லா ஓரங்களும் ஊசி முனைகளும் பரப்பிலிருந்து குறைந்தது 50 மி.மீ. உள்ளே இருக்கும்படி வையுங்கள். துளை வாயை மரத்தக்கை வைத்துப் பசையிட்டு அடையுங்கள். பசையில்லாமல் தட்டி வைத்த தக்கை காய்ந்தால் உதிர்ந்துவிடும். உத்தரத்தை மாட்டும் அலுமினிய மறைகொக்கி என்றால் இன்னும் கவனம், 200 டிகிரியிலேயே அதன் பலம் கணிசமாகக் குறைந்துவிடும்.

வரைபடத்தில் இல்லாமல் கட்டுமிடத்தில் முளைக்கும் தவறு ஒன்று உண்டு: இடைவெளி. 400 மி.மீ. உயர உத்தரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால், சதவீதத்துக்கு 0.25 வீதம் 4 மி.மீ. சுருங்கும். மாட்டியபோது ஒட்டிக்கொண்டிருந்த மூட்டு, ஒரு வருடத்தில் விரல் நகம் நுழையும் அளவு திறந்திருக்கும். சூடான வாயு அதன் வழியே நேராகத் தகட்டைத் தொடும். மூட்டைச் சுற்றிச் சூட்டில் உப்பி விரியும் பட்டையைக் காடியில் பதியுங்கள். முடிந்தால் உத்தரத்தைத் தூணில் வெட்டிய படியின் மேலேயே உட்காரவையுங்கள். சுமை மரத்திலிருந்து மரத்துக்கே இறங்கட்டும். எஃகு பிடித்துக்கொள்ள மட்டும் இருந்தால் போதும்.

கேள்வி: தீத்தடை வார்னிஷ் அடித்தால் கரியாகும் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சாதாரணத் தீத்தடை வார்னிஷ், பரப்பில் தீ பரவும் ஐரோப்பிய வகுப்பை டி-யிலிருந்து அதைவிட நல்ல பி-க்கு உயர்த்தலாம், வெளியேறும் பாதையில் அது தேவையும்கூட. ஆனால் தீ முழு அறையையும் பிடித்தபின் அதற்கு வேலை இல்லை.

கேள்வி: எவ்வளவு மரத்தைத் திறந்து விடலாம்? கட்டடக்கலைஞர் சுவரும் சீலிங்கும் எல்லாமே தெரிய வேண்டும் என்கிறார்.

இங்கே மரம் கட்டமைப்பு மட்டுமல்ல, எரிபொருளும்கூட. அறைச் சாமான் எரிந்து முடிந்தபின் மரப்பரப்பு தானாக அணைய வேண்டுமானால், அதன்மேல் விழும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 முதல் 45 கிலோவாட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் மரம் என்றால், அல்லது சுவரும் சீலிங்கும் சேரும் மூலை மரம் என்றால், ஒன்று மற்றதைச் சூடேற்றிக்கொண்டே இருக்கும், அணையாது. ஜன்னல் வழியே வெளியேறும் சுடரும் நீளும், மேல்மாடி முகப்புக்கு அது ஆபத்து.

என் யோசனை: சீலிங்கைத் திறந்து விடுங்கள், சுவர்களை மூடுங்கள். அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதியான ஐ.பி.சி. 12 மாடி வரையிலான 4-பி வகையில் 2021-இல் தளப்பரப்பின் 20 சதவீத அளவுக்கே சீலிங்கைத் திறந்துவிட அனுமதித்தது. 2024-இல் சீலிங் முழுவதும் திறக்கலாம் என்றாக்கியது. 18 மாடி 4-ஏ வகையில் எதையும் திறக்க முடியாது.

சுவரை மூட 15 மி.மீ. தீத்தடை ஜிப்சம் ஒரு அடுக்கு போட்டால் 2.8 × 15 − 14, அதாவது 28 நிமிடம் கழித்து மரம் கரியத் தொடங்கும். இரண்டு அடுக்கென்றால் உள் அடுக்கை 80 சதவீதமாக எடுத்து சுமார் 61 நிமிடம். உள் அடுக்கின் ஸ்குரூ மரத்தில் போதிய ஆழம் இறங்கட்டும், போர்டு மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாறி வரட்டும்.

கேள்வி: தீ பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதே, அப்புறம் இதெல்லாம் எதற்கு?

வால்வு மூடிக் கிடக்கும் நாளுக்காக. கட்டுமான காலத்தில் ஸ்பிரிங்க்ளரும் இருக்காது, ஜிப்சமும் ஏறியிருக்காது. அந்த மாதங்களுக்கு வெல்டிங் அனுமதி, தற்காலிகக் குழாய், மாடிக்கு மாடி மூடிக்கொண்டே ஏறுவது என்று தனித் திட்டம் வேண்டும்.

கேள்வி: சி.எல்.டி. தளத்தில் பைப் துளைகளை கான்கிரீட்டில் அடைப்பது போலவே அடைக்கலாமா?

கான்கிரீட்டில் துளையின் அளவு மாறாது. மரத்தில் துளையின் விளிம்பே கரியாகிப் பின்வாங்கும், அடைப்பு பிடிமானமில்லாமல் தொங்கும். சி.எல்.டி.யில் சோதித்த அடைப்பு முறையை மட்டும் எடுங்கள். துளையின் உட்சுவருக்கு ஜிப்சம் வளையம் போடுவதும் நல்லது. பலகைகள் சேரும் மூட்டிலும் புகை புகும், சீலன்ட் மறக்க வேண்டாம்.

கேள்வி: சின்னத் தீ, அணைத்தாயிற்று. உத்தரத்தைச் சுரண்டி வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியும். முதலில் கனல் எங்கும் மிச்சமில்லையா என்று வெப்பக் கேமராவால் மூட்டுகளையும் பலகை இடைவெளிகளையும் மறுநாளும் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் கனலும். பிறகு கரியையும் அதன் பின்னாலுள்ள பழுப்பேறிய பகுதியையும் நல்ல நிற மரம் வரும்வரை சீவி, மிஞ்சிய அளவை அளந்து, முழுச் சுமைக்கு மறுபடி கணக்குப் போடுங்கள். போல்ட் இருக்கும் இடங்களில் பக்கத்தில் துளையிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.