கிராஃபிக் நாவலைப் பென்சில் வரைவு இல்லாமல் நேரே வாட்டர் கலரில் தீட்டி முடிக்க முடியுமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பென்சிலில் முழுதாகக் கீறாமல் நேரே வாட்டர் கலரில் இறங்கி ஒரு நீளமான படக்கதையை முடிக்க முடியுமா என்பது ஒன்று. அப்படி முடித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டாமல் போய்விடாதா என்பது மற்றது.

முடியும். திருகோணமலையில் இருந்துகொண்டு இரண்டரை வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். எதை நான் முடிவு செய்வது, எதைத் தண்ணீரிடம் விடுவது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிபட ஒரு வருடம் போனது.

கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. நான்கு நாளுக்கு முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியிருந்தார்கள். என் அம்மம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் காலையைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான்: ஒரு சிவப்புப் பாவாடை, கையில் இருந்த பித்தளைச் செம்பு, சீனக்குடாப் பக்கம் எழும்பிய புகை. விமானம் எப்படி இருந்தது என்று கேட்டால் "ஆர் பாத்தது?" என்பார். அதை வைத்துத்தான் நாவல்.

முதல் பன்னிரண்டு பக்கத்தை முறைப்படி வரைந்தேன். பென்சில், அதன்மேல் மை, அதற்குள் வர்ணம். சரித்திரப் பாடப்புத்தகப் படம் மாதிரி வந்தது. விமானத்தில் அடித்த ஆணி வரைக்கும் தெரிந்தது, அம்மம்மா சொன்ன காலை அதில் இல்லை. அவருக்கே தெளிவாக ஞாபகம் இல்லாத ஒன்றை நான் அளவுகோல் வைத்துக் கீறியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டையும் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்வதைக் கேட்டிருப்பீர்கள். ராகம் எது, எந்தச் சுரத்தில் நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, தவில் எங்கே வந்து சேரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இடையில் வருவது அன்றைக்கு வருவது. சங்கீதக்காரர்கள் அதை மனோதர்மம் என்பார்கள். என் வேலைக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். 'கை போன போக்கு' என்று சொன்னால் அதில் இருக்கும் ஒழுங்கு தெரியாமல் போய்விடுகிறது.

சரி, நான் முன்கூட்டியே முடிவு செய்பவை எவை? ஒவ்வொரு பக்கத்துக்கும் தீப்பெட்டி அளவில் ஐந்தாறு சின்ன வரைவு போடுவேன். அதில் ஆட்கள் நிற்கும் இடம் மட்டும் இருக்கும், முகம் இருக்காது. பிறகு வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி. பிறகு பேச்சுக் குமிழி. இதைப் பலர் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். தமிழில் எழுதினால் அது பெரிய பிழை. நம் சொற்கள் நீளம், நினைத்த இடத்தில் உடைக்கவும் முடியாது, அதனால் குமிழியும் அகலமாகிவிடும். நான் வசனத்தை மெல்லிய டிரேசிங் தாளில் கையால் எழுதி, கடதாசியின் மேல் வைத்துப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்வேன். நிற்கும் இடம், அடிவானம், குமிழி. பெரிய கடதாசியில் பென்சில் தொடுவது இந்த மூன்றுக்கும்தான்.

முகத்தைத் தண்ணீரிடம் விட மாட்டேன். சிறுமியின் தலையைப் பல கோணங்களில் கீறிய ஒரு தாள் எப்போதும் சுவரில் இருக்கிறது. வாசகர் வானம் மாறினால் பொறுப்பார், மூக்கு மாறினால் பொறுக்க மாட்டார்.

கடதாசி 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம் எடை, தடித்தது), முழுப் பருத்தி. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்கிறேன். மரக்கூழ்க் கடதாசியில் இந்த முறை சரிவராது. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்காது, இரண்டாம் தரம் பிரஷ் பட்டதும் மேல்தோல் உரியும். கடதாசியைப் பலகையில் ஒட்டி, கட்டங்களுக்கு நடுவே வர வேண்டிய வெள்ளை இடைவெளியை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுவேன். பிறகு பக்கம் முழுவதையும் ஒரே ஈரமாக நனைத்து, ஒரு கட்டத்தின் நிறம் டேப்புக்கு மேலாக அடுத்த கட்டத்துக்குள் ஓட விடுவேன். காய்ந்து டேப்பை உரித்ததும் நாலு கட்டமும் ஒரே வானத்தின் கீழ் நிற்கும். தனித்தனியாகத் தீட்டியிருந்தால் அந்த ஒற்றுமைக்கு நான் எவ்வளவோ மெனக்கெட்டிருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கிணறு கொஞ்சம் சவர். முதலில் போத்தல் தண்ணீர் வாங்கிப் பாவித்தேன். ஒரு நாள் அது முடிந்துவிட்டது என்று கிணற்றுத் தண்ணீரைத் தொட்டேன். அல்ட்ராமரின் நீலம் மணல்மணலாகப் பிரிந்து கடதாசியின் குழிகளில் போய் இருந்துகொண்டது. அந்த நீலத்துக்கு இயல்பாகவே அந்தக் குணம் உண்டு, தாதுப்புச் சேர்ந்த தண்ணீர் அதைக் கூட்டிவிடுகிறது. கடற்கரைக் காற்றில் ஒரு நெருநெருப்பு இருக்குமே, அதுபோல இருந்தது. அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர்தான்.

அப்புறம் காற்று. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும்போது விறாந்தையில் வைத்துத் தீட்டினால் ஐந்து நிமிடத்தில் வாஷ் (நீர்த்த நிறப்பூச்சு) ஈரப் பளபளப்பு மங்கிவிடும். மாரியில் அரை மணித்தியாலம் போனாலும் பளபளப்புப் போகாது. இதோடு சண்டை பிடித்துப் பார்த்தேன், ஹெயார் டிரையர் எல்லாம் வைத்துப் பார்த்தேன். இப்போது பக்கங்களை வரிசையில் தீட்டுவதையே விட்டுவிட்டேன். ஓரம் கூர்மையாக விழ வேண்டிய பக்கங்கள் (கோட்டை மதில், மதியவெயில், தெருவில் விழும் நிழல்) கச்சானுக்கு. புகை, பனி, அதிகாலைக் கடல் எல்லாம் மாரிக்கு. நாவலின் நடுப்பகுதி முதலில் முடிந்தது, தொடக்கம் இன்னும் முடியவில்லை. கல்லுப்புத் தூவி அலைநுரை எடுக்கும் வேலையும் கச்சானில்தான். உப்பு ஈரத்தை உறிஞ்சி வெள்ளை வெள்ளையாக நட்சத்திரம் விடும். மாரியில் உப்பே கசிந்துவிடும், தட்டியும் முழுதாகப் போகாது, கடதாசி கிழமைக்கணக்கில் பிசுபிசுக்கும்.

ஒரு பக்கத்தை முழுதாகச் சொன்னால் இன்னும் விளங்கும். 35ஆம் பக்கம், வலதுகைப் பக்கம், பக்கம் நிறைய ஒரே கட்டம். சிறுமி உட்துறைமுகக் கரையில் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். தண்ணீருக்கு அப்பால் சீனக்குடா, அங்கே எண்ணெய்க் குதம் ஒன்று எரிகிறது. காலை நேரம், அவள் மேற்கே பார்க்கிறாள், ஆகவே சூரியன் அவள் முதுகில், நிழல் தண்ணீரை நோக்கி முன்னால் விழும். ஒரு நாள் காலை ஏழரைக்கு நானே போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இதை எந்த மனோதர்மத்திலும் மாற்ற முடியாது. வலது மேல்மூலையில் குமிழி: "அம்மா, அங்க பாருங்கோ."

நவம்பர் மாதம், மழை இருட்டு. வானத்தை அகலப் பிரஷ்ஷால் நனைத்து மேலிருந்து நீலம் விட்டேன், அடிவானத்துக்குக் கிட்ட மெல்லிய ஓக்கர் (மண்மஞ்சள்). பர்ன்ட் சியன்னா என்ற செங்கபிலமும் நீலமும் கலந்த தடித்த சாம்பலைப் புகைக்கு ஒரே இழுப்பாக வைத்தேன். நாலு விரல் உயரத்தில் நிற்கும் என்று கணக்கு. இடது கையில் கழுவிய பிரஷ் ஒன்றைப் பிடித்திருந்தேன். அதிலிருந்து ஒரு துளி சரியாக வலது மேல்மூலையில் விழுந்தது.

அந்த நேரம் கடதாசி பளபளப்பை விட்டு மங்கத் தொடங்கியிருந்தது. துளி விழக் கூடாத நேரம் அதுதான். முழு ஈரத்தில் விழுந்தால் கரைந்து போகும், காய்ந்த பிறகு விழுந்தால் துடைக்கலாம். நடுவில் விழுந்தால் அந்தத் தண்ணீர் சுற்றியிருக்கும் நிறத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். பூக்கோவா மாதிரி சுருள்சுருளான கரை விழும். பழகுநர்கள் எல்லாரும் அஞ்சும் கறை அது. டிஷ்யூத் தாளால் ஒற்றி எடுக்கப் பத்து விநாடி இருந்தது. தாளைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் அந்த வெளிறிய வட்டம் விரிந்துகொண்டு போனபோது அம்மம்மா சொன்னது ஒன்று வந்து நின்றது. சத்தம் ஞாபகம் இல்லை, வெளிச்சம்தான் ஞாபகம் என்பார். தாளைக் கீழே வைத்துவிட்டு, வேண்டுமென்றே இன்னும் இரண்டு துளி விட்டேன், ஒன்று புகையின் தலைக்குக் கிட்ட. வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு, புகை மேலே ஏறிப்போய் அந்த வெளிறலுக்குள் நுழைந்தது. வானத்தில் ஒரு பொத்தல் விழுந்த மாதிரி. உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு அது வந்திருக்காது.

குமிழிக்கு இடம் போய்விட்டது. வசனத்தை 36ஆம் பக்கத்துக்குத் தள்ளினேன். இப்போது வாசகர் அந்த வானத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டுவார், பிறகுதான் குரல் கேட்கும். அதனால் 36இல் மூன்று கட்டம் நாலாகியது. 37இல் கிணற்றடிக் காட்சியை வெட்ட வேண்டியதாயிற்று. அந்தக் காட்சியில் எனக்கு ஆசை இருந்தது. இந்த முறையில் வேலை செய்ய நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: விபத்தை ஏற்றுக்கொண்டால் கதையையும் திருத்த வேண்டும். கதை எழுதியவர் வேறொருவர் என்றால் அவரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மை கடைசியில்தான். வர்ணம் காய்ந்த பிறகு அது என்ன வடிவம் விட்டிருக்கிறது என்று பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் தொட்டெழுதும் பேனையால் கோடு. 35இல் சிறுமியின் பின்னலும் செம்பின் விளிம்பும் தவிர வேறு கோடே இல்லை.

இது புது முறையும் அல்ல. சுவரில் இருக்கும் கறைகளைப் பார், அதில் நிலக்காட்சிகள் தெரியும் என்று லியனார்டோ டாவின்சி ஓவியர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கோசன்ஸ் மைக்கறையிலிருந்து நிலக்காட்சி அமைப்பதை ஒரு முறையாகவே கற்பித்தார். படக்கதையில் பிரெஞ்சுக் கலைஞர் மோபியஸ் 1970களில் ஒரு தொடரை முழுக் கதைத்திட்டம் இல்லாமல் பகுதி பகுதியாக வரைந்துகொண்டு போனார்.

பக்கங்கள் ஒட்டாமல் போகாதா என்ற பயத்துக்கு என் பதில் நிறத்தில் இருக்கிறது. முழு நாவலுக்கும் நாலே நிறம்: அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், ஒரு சிவப்பு. முதல் இரண்டைக் கலந்தால் குளிர்ந்த சாம்பலிலிருந்து சூடான கபிலம் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். சிவப்பு பாவாடைக்கு மட்டும், வேறு எங்கும் தொட மாட்டேன். கோயில் கோபுரத்துக்குக்கூடத் தொடவில்லை. நிறம் இப்படிக் கட்டுக்குள் இருந்தால் தண்ணீர் எப்படி ஓடினாலும் பக்கங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் தெரியும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் விறாந்தையில் பரப்பி, கதிரையில் ஏறி நின்று பார்ப்பேன். ஒட்டாதது உடனே கண்ணில் குத்தும்.

நாலு தாளுக்கு ஒன்று கழிவு. அது மனதைக் கஷ்டப்படுத்தும், காசையும். கழித்த தாளின் பின்பக்கம் நிறம் சோதிக்க உதவும். ஐந்து பேர் அடுப்படியில் இருந்து கதைக்கும் பக்கங்களை நான் இன்றைக்கும் முழுதாகப் பென்சிலில்தான் கீறுகிறேன். ஆர் ஆரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது அங்கே முக்கியம், தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை.

பதிப்பகங்களோடு இது கொஞ்சம் சிக்கல். ஒரு பதிப்பகம் பென்சில் பக்கங்களை அனுப்பச் சொல்லி ஒப்புதல் தந்தது. முடிந்த பக்கம் அதைப்போல இல்லை என்று திருப்பிவிட்டார்கள். எனக்கு நல்ல கவலை, ஆனால் அவர்கள் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஒன்று. இப்போது சின்ன வரைவுகளும் முடித்த மூன்று பக்கமும் மட்டும்தான் காட்டுகிறேன். பின்னணி மாறும் என்று எழுத்திலும் சொல்லிவிடுகிறேன்.

எப்போது அடுத்த நிறம் வைக்கலாம் என்று பலர் கேட்பார்கள். கண்ணை நம்பாதீர்கள், புறங்கையைக் கடதாசிக்கு மேல் மெல்ல வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இப்போதும் வெளியே மழை, 58ஆம் பக்கம் பலகையோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. இந்தப் பதிலை எழுதத் தொடங்கும்போது வைத்துப் பார்த்தேன், இப்போதும் பார்த்தேன். இன்னும் குளிர்கிறது.