பாறை வாயு: வடசென்னை வாசகர்கள் கேட்டவை

எண்ணூர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குவது ‘ஷேல் கேஸ்’ என்கிற பாறை வாயுதான் என்று அடித்துச் சொல்கிறார் என் மைத்துனர். சரியா? (எர்ணாவூர்)

பாதி சரி. காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் இறங்குவது எல்.என்.ஜி. அதாவது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து, 600-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மீத்தேன். அது கத்தாரில் கிளம்பியதா, அமெரிக்காவின் டெக்சாஸ் பாறையில் கிளம்பியதா என்பது அடுப்புக்குத் தெரியாது. வித்தியாசம் எடுக்கும் இடத்தில்தான். திருவொற்றியூர் கடற்கரையில் மணலைக் கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும் அல்லவா? வழக்கமான வாயுக் கிணறு அந்த ஜாதி. ஷேல் என்பதோ இறுகிப் பாறையான சேறு. உள்ளே வாயு இருக்கும், ஊறி வராது. பக்கவாட்டில் துளைபோட்டு, தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்தி, பாறையில் விரிசல் விழ வைக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். நம் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் லாரி என்றால் 1,100 நடைக்கு மேல்.

சிலிண்டர் கேஸும் இதுதானா? (கொருக்குப்பேட்டை)

இல்லை. அது புரொப்பேனும் பியூட்டேனும்.

பாறை எல்லா நாட்டிலும்தானே இருக்கிறது, அமெரிக்கா மட்டும் எப்படி முந்தியது? (தண்டையார்பேட்டை)

பட்டாவில் இருக்கிறது சூட்சுமம். அங்கே பெரும்பாலும் நிலத்துக்காரருக்கே அடியில் உள்ள வாயுவும் சொந்தம். பென்சில்வேனியா மாநிலத்தில் எடுக்கும் வாயுவில் குறைந்தது எட்டில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கச் சட்டமே உண்டு. கிணறு தோண்ட ஆள் வந்தால் அவர் நாற்காலி போட்டு உட்காரவைக்காமல் என்ன செய்வார்? இங்கே பெட்ரோலியமும் வாயுவும் அரசின் கையில். ஊர்க்காரருக்கு மிஞ்சுவது லாரிச் சத்தம். டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1981 தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டு விடாமல் முயன்று வழி கண்டது என்பதையும், குழாய்களும் துளையிடும் எந்திரங்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பட்டா ஒன்றே விடை என்றும் சொல்ல மாட்டேன். அர்ஜென்டினாவில் வாயு மாகாண அரசுக்குத்தான் சொந்தம். ஆனாலும் அங்கே வாகா முயெர்த்தா என்ற ஷேல் பாறை கொழிக்கிறது. போலந்தில் அரசே ஆசைப்பட்டுக் கூப்பிட்டது. அங்கே உள்ள ஷேல் வாயுவுக்கு 2011-ல் அமெரிக்கர்கள் போட்ட மதிப்பு 5.3 லட்சம் கோடி கனமீட்டர். அடுத்த ஆண்டே போலந்து நிலவியலாளர்கள், அநேகமாக அதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தேறாது என்றார்கள். துளைபோட்டுப் பார்த்த அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களில் எக்சான் 2012-ல் மூட்டை கட்டியது, செவ்ரான் 2015-ல்.

ஒரே பாறை, ஒரு மாநிலம் தோண்டுகிறது, பக்கத்து மாநிலம் தடை போடுகிறதாமே? (ராயபுரம்)

அமெரிக்காவின் மார்செல்லஸ் ஷேல் பாறையைச் சொல்கிறீர்கள். பென்சில்வேனியா தோண்டிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க் 2014-ல் தடையை அறிவித்து, 2020-ல் சட்டமாக்கியது. நியூயார்க் நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டாமலே மலை நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அந்த நீர்ப்பிடிப்பு நிலத்துக்கு அடியிலும் இதே பாறைதான். பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் துளையிடும் எந்திரத்தை நிறுத்துகிறேன் என்றால் நாம் சும்மா இருப்போமா?

எங்கள் போர் தண்ணீர் உப்பானதும் கேஸ் எடுத்ததாலா? மன்னார்குடியில் மட்டும் ஏன் அவ்வளவு எதிர்ப்பு? (மீஞ்சூர்)

உங்கள் ஊரில் கேஸ் யாரும் எடுக்கவில்லை. வயலுக்கும் நகரத்துக்குமாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தோம். காலியான இடத்துக்குக் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மன்னார்குடிப் பயமும் இதேதான். அங்கே குறிவைத்தது ஷேல் அல்ல, நிலக்கரிப் படுகை மீத்தேன். நிலக்கரியில் ஒட்டியிருக்கும் அந்த வாயுவைத் தண்ணீரின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் அது வெளியே வரும். கடலோர நெல் வயலில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் போர் குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். அந்த மீத்தேனை எடுக்க 2010-ல் ஒப்பந்தம் ஆனது. எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே காலமானார். 2015-ல் மாநில அரசு கதவைச் சாத்தியது. 2020-ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது.

இதே மீத்தேனை மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் எடுத்து விற்கிறார்கள். அது 1774-லேயே நிலக்கரி வெட்டத் தொடங்கிய ஊர், நெல் விளையும் டெல்டா அல்ல.